மாமாங்கத் தீர்த்தமும் தாய்வழிக் குடியும்

ஈழத்தின் கீழ்கரையில் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்திற்கு வடக்குத் தெற்காகக் கிடக்கும் மட்டக்களப்பு வாவி அந்நாட்டை இரு கரைகளாகப் பகுத்து நிற்கின்றது. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. விழும் பக்கம் படுவான்கரை. முன்னது கடலை அடுத்த மணற்பாங்கான ஊர்களைக் கொண்டது. பின்னது நெல்வயல்களாற் சிறந்தது. இவ்விரு கரையினரும் ஆடி அமாவாசையன்று நகரை அடுத்த அமிர்தகழியில், மாமாங்கேசுவரர் ஆலயத்தின் தீர்த்தக்குளத்தில் வந்து கூடுவர். ஆலயத்தின் ஆண்டுத் திருவிழா அத்தீர்த்தத்தோடுதான் நிறைவெய்தும்.

இக்கூட்டம் பெரிது என்பதனினும், குடும்பங்களாகவே அமைவது என்பதே கருதத்தக்கது. மைந்தர், மகளிர், பேரப்பிள்ளைகள், விதவையான தாய் ஆகியோர் ஒருங்கே வருவர். அவர்கள் வருவது இறந்த தந்தையின் பொருட்டு. ஈழத்துச் சைவர் தாய்க்குச் சித்திரா பூரணையையும் தந்தைக்கு ஆடி அமாவாசையையும் உரிய நாட்களாகக் கொண்டவர்கள். தந்தை உயிரோடிருப்பவர் இவ்விரதத்தை நோற்பதில்லை. யாழ்ப்பாணத்தார்க்குக் கீரிமலை எப்படியோ, மட்டக்களப்பார்க்கு மாமாங்கம் அப்படியே.

ஆயின் யாழ்ப்பாணத்திற் காணாத ஒரு முரண் இங்குண்டு. மட்டக்களப்பு நாட்டிற் குடி என்பது தாய்வழியாக வருவது. பிள்ளை ஆணாயினும் பெண்ணாயினும் தாயின் குடியையே சாரும். பெரிய கோயில்களில் இன்ன நாள் திருவிழா இன்ன குடிக்கு உரியது என்னும் முறையும், கோயிற் பரிபாலனம் செய்யும் வண்ணக்கர் பதவியும் அக்குடி வழியே செல்வன. மகளுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுக்கப்படும். மணமகன் மனைவியின் வீட்டிற்கு வந்தே வாழ்வான். இதே வழக்கம் இப்பகுதி முஸ்லிம் மக்களிடையேயும் நிலவுவது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றிற் பல ஆண்டுகள் ஆய்ந்து 2008இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக விளக்கியுள்ளார்.

பழைய முக்குவர் சட்டமோ இன்னும் ஒருபடி கடந்தது. முதுசொம் தந்தையிடமிருந்து மகனுக்கன்றி, மாமனிடமிருந்து மருமக்களுக்குச் செல்லும் என்பது அதன் உட்பொருள். பிரிட்டோ என்பார் அச்சட்டத்தை 1876இல் நூலாக எழுதினார். அதே ஆண்டில் இயற்றப்பட்ட மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதற்கு முடிவு கட்டிற்று. நீதிமன்றில் அது வழக்கொழிந்த பின்னும் குடி முறையும் சீதன வீடும் நிலைத்தன.

ஆகவே தந்தை என்பவன் இங்கே வீட்டுக்கு உரியவனல்லன். குடியைத் தருபவனும் அல்லன். வேறொரு குடியிற் பிறந்து, பெரும்பாலும் வேறொரு வளவிலிருந்து வந்து சேர்ந்தவன். அவன் இறந்த பின் பிள்ளைகளிடம் எஞ்சுவது பெயரின் முன்னெழுத்து ஒன்றே எனலாம். அத்தகைய தந்தைக்கே இந்நாட்டின் மிகப் பெரிய திரள்களுள் ஒன்று கூடுகின்றது! குளக்கரையிற் தருப்பணம் செய்விக்கும் குருக்கள் குடியைக் கேட்பதில்லை; தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்பார். தாயின் தாயையும் அவள் குடியையும் தயக்கமின்றிச் சொல்லும் மகன், பூட்டன் பெயருக்கு முதியோர் முகத்தைப் பார்க்க நேர்வது இயல்பே. குடும்பத்தோடு வருவதன் பயன் அவ்விடத்து விளங்கும். தந்தையின் உடன்பிறந்தார் வந்திருப்பின் அப்பெயர் கிடைத்துவிடும். பெயர் கூறி எள்ளும் நீரும் இறைத்து, அரிசியும் காய்கறியும் தானமாக ஈந்து, நீராடி வீடு சென்று படையலிட்டுக் காக்கைக்கு வைத்த பின்னரே உண்பர்.

மாமாங்கம் என்னும் பெயர் பற்றியும் சிறிது கூறல் தகும். கும்பகோணத்து மகாமகம் 12 ஆண்டுக்கு ஒருமுறை வருவது, 2016இல் நிகழ்ந்தது. கேரளத்துத் திருநாவாயிலும் பாரதப்புழைக் கரையில் அதே இடைவெளியில் மாமாங்கம் 18ஆம் நூற்றாண்டுவரை நடைபெற்றது. கேரளத்திலும் மருமக்கட்டாயம் வழங்கியமையால், பெயரையும் வழக்கத்தையும் இணைத்து மட்டக்களப்பாரின் பூர்வீகத்தை அங்கே காண முயல்வது எளிது. ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு அம்முடிபுக்கு வருதல் பொருந்தாது. இராமனையும் அனுமனையும் இத்தலத்தோடு சார்த்தும் ஐதிகமே மக்கள் நாவில் வழங்குவது.

முற்காலத்துப் படுவான்கரையார் வாவியைத் தோணியிலே கடந்தனர். கல்லடியில் 1924இல் லேடி மானிங் பாலம் அமைந்தது. மண்முனைத் துறையிற் பாலம் திறக்கப்பட்டதோ 2014இலேதான். வழி எளிதாயிற்று. எனினும் அவ்விரு பாலங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நேர்ந்த போர், வேறொரு வகையில் இவ்விரதத்தையே கடினமாக்கிவிட்டது.

1990 செப்டெம்பர் 5ஆம் நாள், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோருள் 158 பேர் படையினராற் கொண்டுசெல்லப்பட்டு மீளாதொழிந்தனர். அதுபோன்று மறைந்தோர் வேறு ஊர்களிலும் உளர். அவர்தம் பிள்ளைகள் ஆடி அமாவாசையன்று செய்யத்தக்கது யாது? எள்ளும் நீரும் இறைத்தல் தந்தை இறந்தார் என்று தம் வாயாற் கூறுதலாகும். இறையாதுவிடின், இறந்திருப்பின், அவர் நீரின்றித் தவிப்பார் என்னும் அச்சம் உண்டு. தாய் ஒருத்தி கணவன் வருவான் என்று பொட்டழியாதிருக்க, மகன் குளத்தில் இறங்குவதெங்ஙனம்?

1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் குறித்த காலம் செய்தியற்றவரை இறந்தவரெனக் கொள்ள இடந்தரும். தருமநூல்கள் சில 12 ஆண்டு காத்திருந்து, தருப்பையால் உருச் செய்து கிரியை ஆற்றுக என்னும். 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தமோ, இறப்புச் சான்றிதழை ஏற்க விரும்பாதார்க்கு, ஒருவர் காணப்படாமையை மட்டும் பதியும் சான்றிதழ் ஒன்றை வகுத்தது. மூன்றனுள் இப்பெண்களின் உள்ளத்தை ஓரளவேனும் அறிந்தது இறுதியதே. குளக்கரையில் அத்தகைய இடைவழி இல்லை. அங்கு மகன் தந்தையின் பெயரைக் கூறவேண்டும், அல்லது கரையிலே நிற்கவேண்டும். அதனை முடிவுசெய்பவள் பெரும்பாலும் தாயே. வீடு அவளது, குடி அவளது. கணவன் இறந்தான் என்று சொல்லும் உரிமையையும் அவளிடமிருந்து பறிக்க எவரும் துணிவதில்லை.