தலையில் இருந்த தொப்பிக்கு நாற்பது மார்க்

1670 செப்டம்பர் 3. லண்டன், ஓல்ட் பெய்லி நீதிமன்றம். கூண்டுக்குக் கொண்டுவரப்பட்ட இரண்டு கைதிகளின் தலையிலும் தொப்பி இல்லை. உள்ளே நுழையும்போதே காவலர் ஒருவர் அவற்றை எடுத்துவிட்டிருந்தார். ஆசனத்தில் இருந்த மேயர் சாமுவேல் ஸ்டார்லிங்குக்குக் கோபம் வந்தது. யார் எடுக்கச் சொன்னது என்று காவலரை அதட்டி, தொப்பிகளைத் திரும்ப அவர்கள் தலையிலேயே வைக்கச் சொன்னார். காவலரும் வைத்தார். அடுத்த நொடியே ரெக்கார்டர் என்ற பதவியில் இருந்த நகரத்தின் சட்ட அதிகாரி கைதிகள் பக்கம் திரும்பினார். நீதிமன்றத்துக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று தெரியாதா, தொப்பியை ஏன் கழற்றவில்லை என்று கேட்டார். தொப்பியைக் கழற்றுவதுதான் மரியாதை என்று நான் நம்பவில்லை என்றார் கைதிகளில் இளையவர். ஆளுக்கு 40 மார்க் அபராதம் விழுந்தது.

தொப்பி இல்லாமல்தான் உள்ளே வந்தோம், வைக்கச் சொன்னது நீதிமன்றம், ஆகவே அபராதம் கட்ட வேண்டியது நாங்கள் அல்ல, ஆசனத்தில் இருப்பவர்கள்தான் என்று அந்த இளைஞர் பதில் சொன்னார். அவர் பெயர் வில்லியம் பென். வயது 25. உடன் நின்றவர் வில்லியம் மீட், லண்டன் துணி வியாபாரி. ஒரு மார்க் என்பது 13 ஷில்லிங் 4 பென்ஸ். 40 மார்க் என்றால் 26 பவுண்டுக்கும் மேல். நாளுக்கு ஒரு ஷில்லிங் அளவில் கூலி வாங்கிய ஒருவர் ஒன்றரை ஆண்டு உழைத்தாலும் அதைக் கட்ட முடியாது.

ஒரு தொப்பிக்கு இவ்வளவு பெரிய தண்டனை ஏன் என்பது புரிய, அன்றைய இங்கிலாந்தில் ஆண்கள் தொப்பியை எப்படி வைத்திருந்தார்கள் என்று தெரிய வேண்டும். தொப்பி வெயிலுக்கும் மழைக்குமான பொருளாக மட்டும் இல்லை. வீட்டுக்குள்ளும் அணிந்திருந்தார்கள், சாப்பாட்டு மேசையிலும் அணிந்திருந்தார்கள். தேவாலயத்தில் பிரசங்கம் கேட்கும்போதுகூடப் பலர் தலையில் தொப்பி இருக்கும், ஜெபம் தொடங்கும்போதுதான் இறங்கும். தலையை மூடியிருப்பது இயல்பு நிலை. தன்னைவிட உயர்ந்தவர் முன்னால் மட்டும் அதை எடுக்க வேண்டும். மகன் தந்தை முன்னால், வேலை பழகும் பையன் எஜமானர் முன்னால், குத்தகைக்காரர் நிலவுடைமையாளர் முன்னால், எல்லோரும் அரசர் முன்னால். உயர்ந்தவர் மனமிரங்கி "போட்டுக்கொள்" என்று சொல்லும்வரை வெறுந்தலையோடு நிற்க வேண்டும். மிராசுதார் எதிரில் வந்தால் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கிய நம் ஊர்களின் கதையை அறிந்தவர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

ஸ்பெயினில் அரசர் முன்னிலையில் தொப்பியோடு நிற்பது உயர்குடிப் பிரபுக்களான கிராண்டிகளின் தனி உரிமை. அதையே தங்கள் குடும்பப் பெருமையாகக் கருதினார்கள். இங்கிலாந்தில் 1649 ஜனவரியில் மன்னர் முதலாம் சார்லஸை விசாரித்தபோது, அந்த நீதிமன்றத்தை ஏற்க மறுத்த மன்னர் கடைசிவரை தொப்பியைக் கழற்றவில்லை. தலைமை நீதிபதியாக அமர்ந்த ஜான் பிராட்ஷாவும் தொப்பியோடுதான் இருந்தார். யாராவது தாக்கக்கூடும் என்ற அச்சத்தில் உள்ளே எஃகு வைத்துச் செய்த தொப்பி அது. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. மன்னரின் தலை போன சில வாரங்களில், தரிசு நிலத்தை ஏழைகள் பயிரிடலாம் என்று மண்வெட்டியோடு கிளம்பிய ஜெரார்ட் வின்ஸ்டன்லியும் வில்லியம் எவரார்டும் படைத்தலைவர் ஃபேர்ஃபாக்ஸைச் சந்தித்தார்கள். இருவரும் தொப்பியை எடுக்கவில்லை. காரணம் கேட்டபோது, அவரும் எங்களைப் போன்ற ஒரு படைப்புதானே என்றார்கள்.

இந்தச் சிலரின் துணிவை ஒரு சமூகத்தின் நியமமாக மாற்றியவர் ஜார்ஜ் ஃபாக்ஸ். லெஸ்டர்ஷயரில் 1624-இல் நெசவாளர் வீட்டில் பிறந்தவர். குவேக்கர்கள் என்று பிறரால் அழைக்கப்பட்ட நண்பர்கள் சபையைத் தொடங்கியவர். உயர்ந்தவர், தாழ்ந்தவர் யாருக்கும் தொப்பியைக் கழற்றக் கூடாது என்பது கடவுள் தனக்கு இட்ட கட்டளை என்று அவர் நம்பினார். பெரியவர்களைப் பன்மையில் அழைப்பதையும் விட்டார். பிச்சைக்காரருக்கும் நீதிபதிக்கும் ஒரே ஒருமைச் சொல். 'தொப்பி மரியாதை' மனிதனின் கர்வத்துக்குப் போடும் தீனி, தலை திறக்கும் வணக்கம் கடவுளுக்கு மட்டுமே உரியது என்பது குவேக்கர்களின் வாதம். இது வெறும் முரட்டுத்தனம் என்று அன்று எழுதியவர்கள் பலர். நான் அப்படி நினைக்கவில்லை. பணிவு இரண்டு பக்கமும் போய்வந்தால் அது பண்பு. கீழிருந்து மேலே மட்டும் போனால் அதற்குக் கப்பம் என்று பெயர். கப்பம் கட்ட மறுத்தவர்களைத்தான் மரியாதை தெரியாதவர்கள் என்றார்கள்.

1656-இல் கார்ன்வால் பகுதியின் லான்ஸ்டன் நகரில் ஃபாக்ஸும் தோழர்களும் விசாரணைக்கு நிறுத்தப்பட்டார்கள். தலைமை நீதிபதி ஜான் கிளின் தொப்பியை எடுக்கச் சொன்னார். மோசே முதல் தானியேல் வரை எந்த அதிகாரி அப்படிக் கட்டளையிட்டார், இங்கிலாந்துச் சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்று ஃபாக்ஸ் கேட்டார். சட்டப் புத்தகங்களை முதுகில் சுமந்துகொண்டு திரிவதில்லை என்று சீறிய நீதிபதி, கைதிகளை வெளியே அனுப்பினார். சற்று நேரத்தில் திரும்ப அழைத்தார். பதில் யோசித்து வைத்திருந்தார்: மோசே முதல் தானியேல் வரை தொப்பி எங்கே இருந்தது, சொல் பார்க்கலாம், இப்போது மாட்டிக்கொண்டாய்! தானியேல் புத்தகம் மூன்றாம் அதிகாரம் என்றார் ஃபாக்ஸ். நேபுகாத்நேச்சார் அரசன் ஆணைப்படி தீச்சூளையில் எறியப்பட்ட மூவரும் மேலங்கி, காலுடை, தொப்பியோடுதான் எறியப்பட்டார்கள். அரசன் முன்னிலையிலும் அவர்கள் தலையில் தொப்பி இருந்திருக்கிறது என்பது சாட்சியோடு நிரூபணமாயிற்று. நீதிபதிக்குப் பேச்சு எழவில்லை, கொண்டுபோங்கள் என்றார். ஆனால் தொப்பியை எடுக்காததற்கு விதித்த அபராதம் நின்றது. கட்ட மறுத்த ஃபாக்ஸ் அந்த ஊர்ச் சிறையில், கழிவு தேங்கிக் கிடந்த 'டூம்ஸ்டேல்' என்ற நிலவறையிலும் கிடந்தார். விடுதலை கிடைத்தது செப்டம்பரில்.

நீதிமன்றத்தில் எதிர்த்து நிற்பவருக்குக் கூட்டத்தின் கவனமாவது துணை இருக்கும். வீட்டுக்குள் எதிர்த்தவர்களின் பாடுதான் என்னை அதிகம் உலுக்குகிறது. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் குரோவெல் கிராமத்தில் வால்டர் எல்வுட் என்ற நிலக்கிழார் இருந்தார், அவர் ஒரு மாஜிஸ்திரேட்டும்கூட. அவர் மகன் தாமஸ் இருபது வயதில் குவேக்கர்களிடம் ஈர்க்கப்பட்டார். தந்தையின் வேலையாக ஆக்ஸ்ஃபோர்டு போன இடத்தில் பழைய நண்பர்கள் எதிர்ப்பட்டார்கள். வழக்கப்படி தொப்பியை எடுத்துக் குனிந்து, தங்கள் தாழ்மையுள்ள ஊழியன் என்றார்கள். தாமஸ் தொப்பியைத் தொடவும் இல்லை, குனியவும் இல்லை. திகைத்து நின்றவர்களில் ஒருவர் தோளைத் தட்டி, என்ன டாம், குவேக்கர் ஆகிவிட்டாயா என்று கேட்டார். ஆமாம், குவேக்கர்தான் என்று தாமஸ் வாய்விட்டுச் சொன்னார். அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததுமே மனத்தில் மகிழ்ச்சி பொங்கியதாகப் பிற்காலத்தில் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

வீட்டில் அந்த மகிழ்ச்சிக்கு விலை கேட்கப்பட்டது. தந்தை முன்னால் தொப்பியோடு வந்து நின்றார் மகன். தந்தை அதைப் பிடுங்கி எறிந்தார், இரண்டு கைகளாலும் அடித்தார். மகன் வேறு தொப்பி அணிந்து வந்தார். அதுவும் பறிக்கப்பட்டது. ஒவ்வொன்றாக எல்லாத் தொப்பிகளும் போயின. குளிர்காலத்தில் வெறுந்தலையோடு வெளியே போனதில் முகமும் தலையும் வீங்கிப் படுத்தார். பிறகு தலையில் வைக்க ஒன்றும் இல்லாததால் அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே சிறையிருந்தார். ஒருநாள் தந்தை கம்பை ஓங்கியபோது, இனியும் அடித்தால் சன்னலைத் திறந்து கொலை என்று கூவுவேன் என்று சகோதரி குறுக்கே வந்தார். அந்தத் தந்தையைக் கொடியவர் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. மகன் தன்னை மதிக்கவில்லை என்று மெய்யாகவே நம்பி வருந்தியவர் அவர். தந்தைக்கான அன்பையும் தொப்பியையும் பிரித்துப் பார்க்க அவருக்கு யாரும் கற்றுத்தந்திருக்கவில்லை. இந்தத் தாமஸ் எல்வுட்தான் 1662-இல் பார்வை இழந்திருந்த கவிஞர் மில்டனுக்கு லத்தீன் நூல்களைப் படித்துக் காட்டியவர். 1665-இல் லண்டனில் கொள்ளைநோய் பரவியபோது சால்ஃபான்ட் செயின்ட் ஜைல்ஸ் ஊரில் மில்டனுக்கு வீடு பார்த்துத் தந்தவரும் அவரே.

குவேக்கர்களுக்கு உள்ளேயும் தொப்பியால் பிளவு வந்தது. ரோமுக்குப் போய்ப் போப்பையே மனம் மாற்றிவிட எண்ணி, அங்கே பைத்தியக்கார விடுதியில் அடைபட்டு 1661-இல் திரும்பிய ஜான் பெரட், ஜெபத்தின்போது தொப்பியை எடுப்பதும் வெறும் சடங்குதான், உள்ளே ஆவி தூண்டினால் மட்டும் எடுத்தால் போதும் என்றார். ஃபாக்ஸ் கடுமையாக எதிர்த்தார். தொப்பி ஜெபத்திலும் இறங்காது என்றால், மனிதருக்கு மறுத்து வைத்த வணக்கத்தை யாருக்குத் தருவது? ஃபாக்ஸின் பக்கம் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பென்னின் கதைக்கு வருவோம். அவர் தந்தை சர் வில்லியம் பென் கடற்படை அட்மிரல், அரச குடும்பத்துக்கு வேண்டியவர். மகன் குவேக்கர் ஆனதும் உடைந்துபோனார். ஊரில் யார் முன்னால் வேண்டுமானாலும் தொப்பியோடு நில், அரசர், அரசரின் தம்பி யார்க் கோமகன், நான் ஆகிய மூவர் முன்னால் மட்டும் எடுத்துவிடு என்று கேட்டுப் பார்த்தார். மகன் யோசிக்க அவகாசம் கேட்டு, பிறகு முடியாது என்று சொல்லிவிட்டார். வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. இரண்டாம் சார்லஸ் அரசர் முன்னால் பென் தொப்பியோடு நின்றாராம், அரசர் சிரித்துக்கொண்டே தன் தொப்பியைக் கழற்றினாராம், இந்த இடத்தில் ஒருவர் தலையில்தான் தொப்பி இருப்பது வழக்கம் என்றாராம். இது வாய்வழியாக வந்த கதை.

1670 ஆகஸ்ட் 14 அன்று, கிரேஸ்சர்ச் தெருவில் இருந்த குவேக்கர் கூடத்தை அரசு பூட்டிவிட்டதால் பென் தெருவில் நின்று பேசினார். அதற்குத்தான் இந்த வழக்கு. சட்டவிரோதமாகக் கூட்டம் கூட்டியதாகக் குற்றச்சாட்டு. பென் தெருவில் பேசினார் என்று சொன்ன ஜூரிகள், சட்டவிரோதக் கூட்டம் என்று சேர்க்க மறுத்தார்கள். அவர்களை இரண்டு இரவுகள் சோறு, தண்ணீர், நெருப்பு எதுவும் இல்லாமல் பூட்டி வைத்தார்கள். செப்டம்பர் 5 அன்று குற்றவாளி அல்ல என்றே தீர்ப்புச் சொன்னார்கள். இப்போது ஜூரிகளுக்கும் ஆளுக்கு 40 மார்க் அபராதம். விடுதலையான பென்னும் மீடும் வீட்டுக்குப் போகவில்லை, தொப்பி அபராதம் பாக்கி இருந்ததால் நியூகேட் சிறைக்குப் போனார்கள். கட்ட வேண்டாம் என்று பென் தந்தைக்குக் கடிதம் எழுதினார். ஆனால் அபராதம் கட்டப்பட்டது. மகன் வந்து சேர்ந்த சில நாட்களில், செப்டம்பர் 16 அன்று அட்மிரல் இறந்தார்.

ஜூரிகளில் எட்வர்ட் புஷலும் இன்னும் சிலரும் அபராதம் கட்ட மறுத்துச் சிறையில் இருந்தபடியே வழக்குத் தொடுத்தார்கள். தங்கள் மனசாட்சிப்படி தீர்ப்புச் சொன்ன ஜூரிகளைத் தண்டிக்க முடியாது என்று தலைமை நீதிபதி ஜான் வாகன் அறிவித்தார். ஆங்கிலச் சட்டம் பரவிய நாடுகளில் எல்லாம் புஷல் வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான். ஓல்ட் பெய்லி கட்டடத்தில் அந்த ஜூரிகளுக்கு நினைவுக் கல்வெட்டு இருக்கிறது.

பென் 1681-இல் அரசரிடம் சாசனம் பெற்று அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவினார். அங்கும் தொப்பி தப்பவில்லை. பென் 1718-இல் மறைந்து ஏழு ஆண்டுகள் கழித்து, ஃபிலடெல்ஃபியாவின் சான்சரி நீதிமன்றத்தில் வாதாட எழுந்த ஜான் கின்சி என்ற குவேக்கர் வழக்கறிஞரைத் தொப்பியை எடுக்கச் சொன்னார் நீதிபதியாக அமர்ந்திருந்த ஆளுநர் வில்லியம் கீத். கின்சி மறுத்தார். ஆள் வந்து தொப்பியை எடுத்துவிட்டார். குவேக்கர்கள் ஆளுநருக்கு மனு எழுதினார்கள். இந்த நாடு எதற்காக உண்டாக்கப்பட்டது என்பதை நினைவூட்டினார்கள். கீத் இணங்கினார். குவேக்கர்கள் தொப்பியோடு நீதிமன்றத்தில் தோன்றலாம் என்று விதியாகவே பதிவாயிற்று.