புரூடர்

புரூடர்: தாய்க்கோழியின் சிறகுச் சூட்டுக்கு மாற்றாக, கோழிக்குஞ்சுகளுக்கு முதல் 3, 4 வாரங்கள் வெப்பம் தரும் அமைப்பு. பிறந்த குஞ்சின் உடலில் மெல்லிய தூவி மட்டுமே இருப்பதால், அதனால் தன் உடல் சூட்டைக் காத்துக்கொள்ள இயலாது.

அமைப்பு: தரையில் சுமார் 5 செ.மீ. உயரத்துக்கு உமி பரப்பி, சுற்றிலும் தகடு அல்லது அட்டையை வட்டமாக நிறுத்துவர். மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிவிடும். நடுவே மின்விளக்கு தொங்கும்.

வெப்பம்: முதல் வாரம் சுமார் 35° செல்சியஸ், பிறகு வாரந்தோறும் ஏறத்தாழ 3° குறைக்க வேண்டும். குஞ்சுகள் விளக்கடியில் நெருக்கியடித்துக் கீச்சிட்டால் சூடு போதவில்லை. ஓரம் ஒதுங்கி அலகைத் திறந்து மூச்சிரைத்தால் சூடு அதிகம். பரவலாக மேய்ந்தும் படுத்தும் இருந்தால் சரியான அளவு.

தீவனம், நீர்: வயிற்றில் எஞ்சிய மஞ்சள் கரு 2, 3 நாள் தாங்கும். எனினும் குஞ்சுகள் வந்தவுடன் அலகை நீரில் நனைத்துக் குடிக்கப் பழக்க வேண்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்கள் இட்டால் மூழ்கும் ஆபத்தில்லை.

நோய்த்தடுப்பு: முதல் வார இறுதியில் வெள்ளைக் கழிச்சலுக்கான சொட்டு மருந்து கண்ணிலோ மூக்கிலோ இடப்படும். ஈர உமி இரத்தக் கழிச்சலுக்கு இடம் தரும். நனைந்த பகுதியை அன்றன்றே அகற்ற வேண்டும்.