திறமையும் வினைத்தூய்மையும்

தாதர் நிலையத்தில் காலை வண்டியேறிக் கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்குச் சென்ற நம் முன்னோரின் கைம்முதல் யாது? சுருக்கெழுத்தும் தட்டச்சும் என்று உடனே விடை கூறுவோம். அது பாதி விடையே. மேலதிகாரி சொல்லச் சொல்ல எழுதிய கடிதங்களில் நிறுவனத்தின் ஆதாயமும் நட்டமும் மறைபொருள்களும் அடங்கியிருந்தன. அவற்றைத் திண்ணைப் பேச்சாக்காது நெஞ்சிலேயே பூட்டி வைத்தது மறுபாதி. கைவிரைவு வேலையைத் தந்தது. நாவடக்கம் நற்பெயரைத் தந்தது.

அவர்தம் பேரப்பிள்ளைகள் பலர் இன்று மென்பொருள் துறையில் பணியாற்றுகின்றனர். தட்டச்சுப் பொறி கணிப்பொறியாக மாறிவிட்டது. தொழிலறமும் மாறிவிட்டதா? இந்நகரின் வரலாற்றைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

சென்னையிற் பிறந்த ஆர். நரசிம்மன், அமெரிக்காவிற் கல்வி முடித்து, 1954இல் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்திற் சேர்ந்தார். அவர் தலைமையில் ஒரு சிறு குழு கணிப்பொறி ஆக்க முனைந்தது. குழுவினர்க்கு அத்தொழிலில் முன்பழக்கம் இல்லை. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாமல், முதலில் ஒரு மாதிரிப் பொறியை அமைத்து 1956இல் இயக்கிப் பார்த்தனர். அதன் பின்னரே ஏறத்தாழ 2,700 வால்வுகள் கொண்ட முழுப்பொறியை 1960இல் பணிக்குக் கொணர்ந்தனர். 1962இல் பிரதமர் நேரு அதற்கு ‘டிஃப்ராக்’ எனப் பெயரிட்டார். படிப்படியாகக் கற்ற நேர்மையே அவர்தம் திறமைக்கு அடித்தளம்.

அதே காலத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர், பொறியின் உள்ளமைப்பை ஆய்ந்து புதுமை செய்வோனை ‘ஹேக்கர்’ என்று பாராட்டினர். பிறர் கணிப்பொறியுள் களவாகப் புகுவோன் என்னும் பொருள் அச்சொல்லுக்குப் பின்னரே பெருவழக்காயிற்று.

அப்பொருள் நம் அண்டையிலேயே விளங்கிய நாளும் வந்தது. 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நிகழ்ந்தது. அடுத்த மாதமே, செம்பூருக்கு அப்பால் டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கணிப்பொறிகளுள், ‘மில்வார்ம்’ எனத் தம்மை அழைத்துக்கொண்ட வெளிநாட்டு இளைஞர் புகுந்தனர். அவர்கள் இருபது வயதும் நிரம்பாதவர்கள். விஞ்ஞானிகளின் மின்னஞ்சல்களைக் கவர்ந்தனர். மையத்தின் இணையப் பக்கத்தையும் மாற்றியமைத்தனர். அணு ஆயுத எதிர்ப்பே தம் நோக்கம் என்றனர்.

அவர்தம் திறமையை நாம் மறுக்கவில்லை. அணு ஆயுதம் வேண்டா என்பதும் சான்றோர் பலர் போற்றும் கொள்கையே. ஆயினும், கொள்கை நன்றென்பதற்காகப் பிறர் வீட்டுக் கதவை உடைக்கலாமோ? காவலில் சோர்வு இருந்ததாயின் அதுவும் குறையே. ஆனால் வீட்டுக்காரன் உறங்கியது, புகுந்தவனைக் குற்றமற்றவன் ஆக்கிவிடாது.

2000 அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது தகவல் தொழில்நுட்பச் சட்டம். உரிமையாளரின் இசைவின்றிப் பிறர் கணிப்பொறியுள் வஞ்சகமாகப் புகுவோர்க்கு, மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்க அதன் 66ஆம் பிரிவு இன்று இடந்தருகிறது. திருக்குறளின் 66ஆம் அதிகாரம் வினைத்தூய்மை. அதன் பின்னரே வினைத்திட்பம். எண் ஒன்றியது தற்செயலே. ஆயினும் தூய்மையை முன்வைத்துத் திட்பத்தைப் பின்வைத்த முறை நம் சிந்தனைக்குரியது.

இன்று தம் மென்பொருளிற் குறை கண்டு கூறுவோர்க்கு நிறுவனங்கள் பல பரிசளிக்கின்றன. காவலனும் கள்வனும் கற்கும் வித்தை ஒன்றே. இருவரையும் பிரிப்பது இசைவு என்னும் ஒரு சொல்லே. செய்யாத பணியைச் செய்ததாகக் காட்டும் பொய்ச் சான்றிதழும் களவின் பாற்பட்டதே. அது வேலையொன்றைப் பெற்றுத் தரலாம். பொய் வெளிப்படும் நாளில் அவன் பெயர் மட்டுமா கெடும்? அவனைத் தொடர்ந்து அதே வாயிலில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கும் கதவு அடைபடும். முன்னோர் நாவடக்கத்தால் ஈட்டிய நற்பெயர், நம்மிடம் உள்ள பொதுச் சொத்தாகும்.

ஆதலின் பெற்றோரே, மகனோ மகளோ, “பூட்டிய கணிப்பொறியுள் புகுந்துவிட்டேன்” என்று பெருமையுடன் உரைக்கும் நாளில், “எப்படிப் புகுந்தாய்?” என்று வியப்பதற்கு முன், “யாரைக் கேட்டுப் புகுந்தாய்?” என்று வினவுங்கள்.