மெய்நிகர் இயந்திரக் காட்சி இயக்கி

மெய்நிகர் இயந்திரக் காட்சி இயக்கி என்பது, ஒரு கணினிக்குள் மென்பொருளால் அமைக்கப்படும் மற்றொரு கணினியில், அதாவது மெய்நிகர் இயந்திரத்தில், திரைக்காட்சியைக் கட்டுப்படுத்தும் நிரல் ஆகும். வெர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், கியூஎமு ஆகியவை இத்தகைய இயந்திரங்களை அமைக்கும் மென்பொருள்களுட் சில. மெய்யான கணினியின் இயங்குதளம் புரவலர் எனவும், அதனுள் இயங்குவது விருந்தினர் எனவும் அழைக்கப்படுகின்றன.

செயற்பாடு

விருந்தினர் இயங்குதளம் புரவலர் கணினியின் வரைகலை அட்டையைக் காண்பதில்லை. அதற்குக் காட்டப்படுவது மென்பொருளால் புனையப்பட்ட ஓர் அட்டையே. கியூஎமு நெடுங்காலம் சிர்ரஸ் லாஜிக் நிறுவனத்தின் 1990களைச் சேர்ந்த அட்டை ஒன்றையே இயல்பாகப் பாவனை செய்துவந்தது. 2014 இல் வெளியான 2.2 பதிப்பில்தான் இது மாற்றப்பட்டது. வெர்ச்சுவல்பாக்ஸ், லினக்ஸ் விருந்தினர்களுக்கு விஎம்வேர் அட்டையை ஒத்த விஎம்எஸ்விஜிஏ என்னும் அட்டையை இயல்பாகக் காட்டுகிறது. எனவே புரவலரில் என்விடியா அட்டை இருந்தாலும், விருந்தினருள் என்விடியா இயக்கியை நிறுவுவதால் பயனில்லை. பலர் பல மணி நேரத்தை இழப்பது இங்கேதான். மெய்யான அட்டையையே விருந்தினரிடம் ஒப்படைக்கும் முறை மட்டும் இதற்கு விலக்காகும்.

சிக்கல்களும் தீர்வுகளும்

பொருத்தமான இயக்கி இல்லாதபோது இயங்குதளம் அடிப்படைக் காட்சி முறைக்குத் திரும்பும். சாளரத்தைப் பெரிதாக்கினாலும் திரை 800×600 போன்ற அளவிலேயே நிற்பது இதன் அறிகுறி. லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கே என்ற தெரிவுடன் இயக்கினால், காட்டப்படும் அட்டை எது, அதைக் கையாளும் இயக்கி எது என்பவற்றை அறியலாம். வெர்ச்சுவல்பாக்ஸின் துணைநிரல்களைத் தனியாக நிறுவியிருந்தால், லினக்ஸ் கருனி இற்றைப்படுத்தப்பட்ட பின் அவற்றின் கூறுகளை மீண்டும் தொகுக்க நேரலாம். இதற்குத் தொகுப்பியும் அக்கருனியின் தலைப்புக் கோப்புகளும் தேவை. பாதுகாப்பான தொடக்கம் செயலில் இருப்பின், கையொப்பமிடாத கூறுகளைக் கருனி ஏற்காது.

காட்சி நினைவகக் குறைவும் ஒரு காரணம். படப்புள்ளி ஒன்றிற்கு 4 பைட்டு வீதம், 1920×1080 திரைக்கு ஏறத்தாழ 8 மெகாபைட்டு போதும். 3840×2160 திரைக்கு 33 மெகாபைட்டு வேண்டும். 16 மெகாபைட்டு ஒதுக்கப்பட்ட இயந்திரத்தில் இரண்டாவது அளவு கிடைக்காது.

முப்பரிமாண முடுக்கம் இல்லாதபோது லினக்ஸ் பெரும்பாலும் எல்எல்விஎம்பைப் என்னும் மென்பொருள் வழியே மையச் செயலகத்தைக் கொண்டு வரைகிறது. காட்சி மெதுவாகும், ஆனால் பிழையன்று. மாறாக, முடுக்கத்தை இயக்கியதும் திரை கறுத்துவிடுவதுண்டு. இயந்திரமே பழுதானதென்று எண்ணி அதை அழிப்பவர்கள் உள்ளிருக்கும் கோப்புகளையும் இழக்கின்றனர். பெரும்பாலும் இயங்குதளம் நலமாகவே இருக்கும். இயந்திரத்தை நிறுத்தி, அமைப்புகளில் முடுக்கத்தை நீக்கியோ வேறு காட்சி அட்டையைத் தெரிந்தோ மீண்டும் தொடங்கலாம். எஸ்எஸ்எச் முன்பே அமைக்கப்பட்டிருந்தால், அதன் வழியே நுழைந்து கோப்புகளை முதலில் படியெடுத்துக்கொள்ளவும் இயலும்.