முடிவிலியும் ஒரு கிராணியும் – 6: லண்டன் தபால்

உறையைப் பிரித்தவர் ராமானுஜன் அல்லர், கிரிஃபித் துரை.

மெட்ராஸ் பொறியியல் கல்லூரிப் பேராசிரியரான அவர், லண்டனில் தமக்குப் பாடம் சொன்ன எம்.ஜே.எம். ஹில்லுக்கு, 1912 நவம்பரில் ஒரு துறைமுகக் கிராணியின் தாள்களை அனுப்பியிருந்தார். டிசம்பரில் வந்தது பதில். ஆளுக்குக் கணக்கில் நாட்டமும் திறமையும் உண்டு என்று ஹில் ஒத்துக்கொண்டார். ஆனால் விரியும் தொடர்கள் என்ற படுகுழியில் விழுந்துவிட்டார், விடைகள் பிழை என்றார்.

அப்படி என்ன விடைகள்?

1+2+3+4 என்று நிறுத்தாமல் கூட்டிக்கொண்டே போனால் −1/12. வர்க்கங்களைக் கூட்டினால், அதாவது 1+4+9+16 என்று போனால், பூஜ்யம். கனங்களைக் கூட்டினால் 1/120!

கூட்டக் கூட்டப் பெருக வேண்டிய தொகைக்குக் கழித்தல் குறி எங்கிருந்து வந்தது? இந்த வரியை எழுதியவர் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார் என்பது இன்னும் வேடிக்கை. 1912 மார்ச் 1 முதல் சென்னைத் துறைமுகத்தில் உத்தியோகம். மாதம் 30 ரூபாய். பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹமுக்கும், அதாவது இன்றைய நம் கிள்ளான் துறைமுகத்துக்கும், கப்பல் விட்ட துறைமுகம் அது. பிரிக்ஃபீல்ட்ஸில் யாழ்ப்பாணத்து ரயில்வே கிராணிகள் பேரேடு புரட்டிக்கொண்டிருந்ததும் அதே ஆண்டுகளில்தான்.

ராமானுஜனின் நோட்டுப்புத்தகத்தில் வழி இருக்கிறது. பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். 1+2+3+4+… என்ற தொகைக்கு c என்று பெயர். நான்கால் பெருக்கினால் 4+8+12+…. இதை முதல் வரியின் இரண்டாம், நான்காம், ஆறாம் எண்களுக்கு நேர் கீழே எழுதிக் கழியுங்கள். இடப்பக்கம் c−4c, அதாவது −3c. வலப்பக்கம் 1−2+3−4+…. பின்னதன் மதிப்பு 1/4 என்று ஆய்லர் 18ஆம் நூற்றாண்டிலேயே சொன்னதுண்டு. ஆக −3c = 1/4; c = −1/12.

பள்ளிக்கூடக் கூட்டலின்படி இது செல்லாது. அந்த முறையில் தொகை எல்லையின்றி வளரத்தான் செய்யும். ஹில் அதைப் பிடித்துக்கொண்டார். ராமானுஜன் கேட்டதோ வேறு கேள்வி: முடியாத தொகைக்கும் நியாயமாக ஒரு மதிப்பு சூட்ட முடியுமானால், அது எது?

கதாசிரியர்கள் முடிவிலியை அணுகும் விதமே தனி. கணிதர் கான்டர் 1895இல் முடிவிலிகளின் அளவுக்குக் குறியாக எடுத்த ‘அலெஃப்’ என்ற ஹீப்ரு எழுத்து, 1945இல் போர்ஹெஸின் கதைக்குத் தலைப்பானது. புவனோஸ் ஐரிஸ் வீடொன்றின் நிலவறையில் ஒரு புள்ளி. அதில் பிரபஞ்சம் முழுதும் தெரிகிறது. பார்த்தவனுக்குச் சொல்ல வார்த்தை போதவில்லை. அருமையான கதைதான். நம் கிராணிக்கு அந்தத் திகைப்பெல்லாம் இல்லை. முடிவிலிக்கு நேரே ஒரு தொகை போட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார். என்னைக் கேட்டால், போர்ஹெஸைவிடத் துணிச்சல்காரர் இவர்தான். அந்தத் துணிச்சல் 2007இல் நாடக மேடையும் ஏறியது: சைமன் மெக்பர்னியின் ‘மறையும் எண்’ என்ற லண்டன் நாடகம், விரிவுரையாளர் ஒருத்தி கரும்பலகையில் இதே −1/12க்கு வந்து சேர்வதோடு தொடங்குகிறது.

1912க்குத் திரும்புவோம். ஹில் சொன்ன மருந்து: ப்ராம்விச்சின் முடிவிலாத் தொடர் நூலைப் படி. வேறொருவராக இருந்தால் பொல்லாத அந்த வரியை அடித்துவிட்டு அடுத்த வேலை பார்த்திருப்பார். ராமானுஜன் எழுதிக் கேட்டும் கேம்பிரிட்ஜ் கணிதர்கள் பேக்கரும் ஹாப்சனும் கைகொடுக்கவில்லை. 1913 ஜனவரி 16 அன்று இன்னொரு கேம்பிரிட்ஜ் கணிதரான ஜி.எச். ஹார்டிக்குக் கடிதம் போனது. பிப்ரவரி 8 தேதியிட்டு ஹார்டி பதில் எழுதினார்: சுவாரஸ்யம், ஆனால் நிரூபணங்கள் எங்கே?

பிப்ரவரி 27. ராமானுஜன் மறுபடி பேனாவை எடுக்கிறார். ஹில் பிழையென்று தள்ளிய அதே கூட்டலை ஹார்டிக்கும் எழுதுகிறார். இதைச் சொன்னால் என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வழிகாட்டுவீர்கள் என்று தாமே முந்திக்கொள்ளவும் செய்கிறார்.

அந்தக் கடிதம் கடலைத் தாண்ட வாரங்கள் ஆகும். ஏறக்குறைய அதே நாட்களில், சென்னையில் ஆர்தர் டேவிஸ் என்ற அதிகாரி ராமானுஜனைக் கூப்பிட்டனுப்பினார். லண்டன் இந்தியா அலுவலகத்திலிருந்து அவருக்குத் தகவல் வந்திருந்தது. எதிரே நின்றவரிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: “இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுவீரா?”

(தொடரும்)