முகம் பார்த்து ஆடிய ஆட்டம்

பெரும்பாலான சீட்டாட்டங்களில் வெற்றி தோல்வி, கையிலுள்ள சீட்டுகளை எப்படி இறக்குவது அல்லது எப்படிச் சேர்ப்பது என்பதைப் பொறுத்தது. யாழ்ப்பாணத்து முந்நூற்றுநான்கும் தமிழ்நாட்டு ரம்மியும் இவ்வகையைச் சேர்ந்தவை. போக்கர் இவற்றிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. இதில் சீட்டு மறைந்தே இருக்க, பணம் மட்டும் நடுவில் குவிந்துகொண்டு போகிறது. ஒருவர் பந்தயத்தை உயர்த்தும்போது மற்ற அனைவரும் ஒதுங்கிவிட்டால், அவர் தம் சீட்டைக் காட்டாமலே முழுத்தொகையையும் அள்ளிக்கொள்ளலாம். உதவாத சீட்டு வைத்திருப்பவரும் வெல்ல முடியும் என்ற இந்த ஒரு விதியினால்தான், எதிரில் அமர்ந்திருப்பவரின் பழக்கவழக்கங்களைக் கவனிப்பது இவ்வாட்டத்தின் மையத்துக்கு வந்தது. வலுவில்லாத கையை வலுவானதாகக் காட்டிப் பந்தயம் உயர்த்துவதற்கு ‘ப்ளஃப்’ என்று பெயர். போக்கரின் இருநூறாண்டு வரலாற்றை, ப்ளஃப் செய்வதற்கும் அதைக் கண்டுபிடிப்பதற்கும் மனிதர்கள் கையாண்ட வழிகளின் வரலாறு என்றே சொல்லிவிடலாம்.

ஆட்டம் பிறந்தது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலும் அதைச் சுற்றிய மிசிசிப்பி ஆற்றுப்பகுதியிலும் ஆகும். அப்பகுதி 1803-இல்தான் பிரான்சிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறியிருந்தது. ஆகவே பிரெஞ்சுக்காரர்களின் ‘போக்’ என்ற ஆட்டமும், அதற்கு உறவான ஜெர்மானிய ‘பொஹன்’ ஆட்டமும் இதன் முன்னோர்களாகக் கருதப்படுகின்றன. பாரசீகத்தின் ‘ஆஸ் நாஸ்’ ஆட்டமே மூலம் என்ற கருத்து நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்தபோதிலும், அதற்குப் போதிய சான்று இல்லை என்பதே பிற்கால ஆய்வாளர் பலரின் முடிவு.

தொடக்கக் காலத்தில் ஆடப்பட்டது 52 சீட்டுக் கட்டு அன்று. ஏஸ், ராஜா, ராணி, ஜாக், பத்து என நான்கு சின்னங்களுக்கும் சேர்த்து 20 சீட்டுகளே இருந்தன. நான்கு பேருக்கு ஐந்தைந்தாகப் பங்கிட்டால் கட்டு தீர்ந்துபோகும். மாற்றிக்கொள்ளச் சீட்டு இல்லை, வாங்கிய கையே முடிவான கை. நான்கு ராஜாவும் ஓர் ஏஸும் கிடைத்தவரை எவராலும் வெல்ல முடியாது, ஏனெனில் எதிராளிக்கு நான்கு ஏஸ் சேரும் வழியையே அவர் கையிலுள்ள அந்த ஓர் ஏஸ் அடைத்துவிடுகிறது. இத்தகைய ஆட்டத்தில் எதிராளியைப் பற்றிக் கிடைத்த தடயங்கள் இரண்டே: அவர் வைத்த பந்தயமும் அவருடைய முகமும்.

மிசிசிப்பியிலும் அதன் கிளையாறுகளிலும் ஓடிய நீராவிக் கப்பல்களே இவ்வாட்டத்தை வடக்கே பரப்பின. பருத்தி விற்ற பணத்துடன் பயணம் செய்த தோட்ட முதலாளிகளும் வணிகர்களும், பல நாள் பயணத்தில் வேறு வேலையின்றி, முன்பின் அறியாதவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்தனர். ஜோ கோவெல் என்ற ஆங்கிலேய நகைச்சுவை நடிகர், 1829-இல் அத்தகைய ஒரு கப்பலில் தாம் கண்ட ஆட்டத்தை 1844-இல் வெளியான தம் நினைவுநூலில் விவரித்துள்ளார்; அதற்கு முந்திய ஆண்டில், சூதாட்டத்தைக் கைவிட்ட ஜோனதன் கிரீன், அத்தொழிலின் மோசடிகளை அம்பலப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டிருந்தார். போக்கரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விவரங்களில் இவை முக்கியமானவை. இரண்டிலும் ஏமாற்று பெரிய இடத்தைப் பிடித்திருப்பது தற்செயல் அன்று. அக்காலத்துத் தொழில்முறை ஆட்டக்காரர் பலர் எதிராளியின் முகத்தைப் படித்ததைவிடச் சீட்டைக் குறியிட்டும் அடுக்கியும் வென்றதே அதிகம். அவர்கள் மீதான வெறுப்பு 1835 ஜூலையில் மிசிசிப்பி மாநிலத்து விக்ஸ்பர்க் நகரில் கலவரமாக வெடித்தது. ஊரார் ஐந்து சூதாடிகளை விசாரணையே இன்றித் தூக்கிலிட்டனர்.

1830-களிலும் 40-களிலும் 52 சீட்டுக் கட்டு வழக்கத்துக்கு வந்ததும் ஆட்டத்தின் இயல்பே மாறியது. மேசையில் அதிகம் பேர் அமர முடிந்தது. வேண்டாத சீட்டுகளைக் கொடுத்துப் புதியவை வாங்கும் ‘டிரா’ முறையும் தோன்றியது. இங்கேதான் மனிதப் பழக்கத்தை வாசிக்கும் கலைக்கு முதன்முறையாக ஓர் அளவுகோல் கிடைத்தது எனலாம். ஒருவர் மூன்று சீட்டு மாற்றினால் அவரிடம் ஒரு ஜோடி இருக்கக்கூடும். ஒன்றே ஒன்று மாற்றினால், இரண்டு ஜோடி வைத்திருக்கிறார், அல்லது ஐந்தும் ஒரே சின்னமாக அமைய ஒரு சீட்டுக்குக் காத்திருக்கிறார், அல்லது மூன்று ஒத்த சீட்டுகளை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே இரண்டுக்குப் பதில் ஒன்றை மாற்றி மற்றவர்களைக் குழப்புகிறார். சீட்டு மாற்றும் எளிய செயல்கூட இவ்வாறு ஒரு வாக்குமூலமாகவும், அதே சமயம் பொய் வாக்குமூலமாகவும் ஆயிற்று. சில சீட்டுகளைத் திறந்து வைத்து ஆடும் ‘ஸ்டட்’ முறை அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தையொட்டிப் பரவியது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெக்சாஸில் உருவான ‘ஹோல்டெம்’ முறை, மறைவு எவ்வளவு, வெளிப்படை எவ்வளவு என்ற கணக்கை மீண்டும் திருத்தியது. ஒவ்வொருவருக்கும் மறைசீட்டு இரண்டே. மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு படிப்படியாகத் திறக்கப்படும். பந்தயம் கட்ட நான்கு சுற்றுகள். அறியாதது இரண்டு சீட்டாகச் சுருங்க, அதைப் பற்றிப் பேசும் சந்தர்ப்பம் நான்காகப் பெருகியதால், எதிராளியின் நடத்தையை ஒரு தொடர்கதையைப் போலத் தொடர்ந்து சோதிக்க முடிந்தது. 1960-களில் லாஸ் வேகாஸை அடைந்த இம்முறை, பென்னி பினியன் 1970-இல் தம் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் தொடங்கிய உலகப் போக்கர் தொடரின் தலைமைப் போட்டியாக விரைவிலேயே ஆயிற்று. அந்த முதலாண்டில் வெற்றியாளரை ஆட்டக்காரர்கள் வாக்களித்தே தேர்ந்தெடுத்தனர். தேர்வானவர் ஜானி மாஸ்.

உடற்குறிகளால் உள்ளத்தைக் காட்டிக்கொடுப்பதற்குப் போக்கர் வட்டாரத்தில் ‘டெல்’ என்று பெயர். செவிவழியாக இருந்த இந்த அறிவை ஒழுங்குபடுத்தியவர் மைக் கேரோ. 1984-இல் வெளிவந்த அவருடைய நூல், ஒளிப்படங்களுடன் ஒவ்வொரு குறியையும் விளக்கியது. வலுவான கை உள்ளவர் அக்கறையற்றவராக நடிப்பார், வலுவற்றவர் மிடுக்காக நடிப்பார் என்பது அவருடைய பொது விதி. அந்த விதியைவிட அவர் எடுத்துக்காட்டிய சிறு சிறு செயல்களே இன்றும் சுவையானவை: நல்ல சீட்டு வந்தவரின் கண் ஒரு கணம் தம் சில்லுகளை, அதாவது பணத்துக்கு ஈடான வட்ட வில்லைகளை, நோக்கிப் போய்விட்டு வேறு பக்கம் திரும்பும், பெரிய பந்தயம் வைத்த கை திடீரென நடுங்கினால் அது அச்சம் அன்று, நல்ல கை அமைந்ததும் ஏற்படும் இறுக்கத் தளர்வு, சில்லுகளை நேர்த்தியாக அடுக்குபவர் பந்தயத்திலும் எச்சரிக்கையானவராகவே இருப்பார். மேசையில் மனிதர் புதிதாக எதையும் செய்வதில்லை, வீட்டிலும் கடையிலும் செய்வதையே செய்கிறார் என்ற எண்ணம் இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கிறது. எனினும் முகத்தைப் பற்றிய நம்பிக்கை மிகையானது. உலகப் போக்கர் தொடரின் காணொளித் துண்டுகளைக் கொண்டு நடத்தி 2013-இல் வெளியிடப்பட்ட ஓர் உளவியல் ஆய்வில், முகத்தை மட்டும் பார்த்தவர்கள் கையின் வலுவைச் சரியாகச் சொல்ல முடியாமல் திணற, சில்லுகளைத் தள்ளும் கைகளின் அசைவை மட்டும் பார்த்தவர்கள் ஓரளவு சரியாகச் சொன்னார்கள். முகத்தை அடக்கப் பழகியவர்கள் முழங்கையை மறந்துவிட்டார்கள் போலும்.

இதற்கு இணையாக, ஆனால் முற்றிலும் எதிர்த் திசையில், கணிதம் வளர்ந்தது. ஜான் வான் நாய்மன் 1928-இல் எழுதிய கட்டுரையும், ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து 1944-இல் வெளியிட்ட நூலும் ஆட்டக் கோட்பாடு என்ற துறைக்கு அடித்தளமிட்டன. எதிராளி தம்மைப்போலவே சிந்திப்பார் என்று கொண்டு, எந்த நிலையிலும் இழப்பைக் குறைக்கும் வழியைத் தேடுவது அதன் அடிப்படை. எளிமையாக்கப்பட்ட ஒரு போக்கரை ஆராய்ந்த வான் நாய்மன், ப்ளஃப் என்பது துணிச்சலின் வெளிப்பாடோ குணக்கேடோ அன்று, சரியான ஆட்டத்தின் தவிர்க்க முடியாத பகுதி என்று காட்டினார். மேலும் ப்ளஃப் செய்ய ஏற்றது நடுத்தரமான கை அன்று, மிக மோசமான கை. ஒருபோதும் பொய் சொல்லாதவரின் பந்தயத்தைக் கண்டதும் எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள், அவருக்கு நல்ல சீட்டாலும் பயன் இராது.

தொலைக்காட்சியும் இணையமும் ஆட்டத்தை வேறு உலகுக்குக் கொண்டுசென்றன. ஹென்றி ஓரன்ஸ்டைன் 1995-இல் காப்புரிமை பெற்ற ஒளிப்படக் கருவி, மறைசீட்டுகளைப் பார்வையாளருக்கு மட்டும் காட்டியதால், பொய் சொல்பவரின் முகத்தை உண்மை தெரிந்த நிலையில் பார்க்கும் வாய்ப்பு பொதுமக்களுக்குக் கிடைத்தது. 2003-இல், இணையப் போட்டி ஒன்றின் வழியாக இடம்பிடித்த டென்னசிக் கணக்காளர் கிறிஸ் மனிமேக்கர், 839 பேர் ஆடிய உலகப் போக்கர் தொடரின் தலைமைப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். 2006-இல் அதே போட்டிக்கு 8,773 பேர் வந்தனர். திரைக்கு முன் அமர்ந்து ஆடுபவருக்கு முகமும் இல்லை, நடுங்கும் விரலும் இல்லை. முடிவெடுக்க எடுத்த நேரமும், நூறு ஆட்டங்களில் எத்தனையில் பணம் கட்டினார் என்பது போன்ற கணக்குகளுமே குறிகளாயின.

2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘லிப்ராட்டஸ்’ என்ற நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 20 நாட்களில் 1,20,000 ஆட்டங்கள் ஆடித் தோற்கடித்தது. அது எதிராளிகளின் பலவீனத்தை வேட்டையாடவில்லை. பகலில் அவர்கள் தன் ஆட்டத்தில் எந்த ஓட்டையைத் துழாவினார்கள் என்று பார்த்து, இரவில் அதை அடைத்துக்கொண்டது. பிறரைப் படிக்கும் கலை என்று இருநூறாண்டுகள் போற்றப்பட்ட ஆட்டத்தில், தன்னைப் படிக்கக் கொடுக்காதவனுக்கே மேல்கை என்பது அங்கே தெளிவாயிற்று.

இது திறமையா, தற்செயலா என்ற பழைய வழக்கு இன்னும் தீரவில்லை. தமிழ்நாட்டு அரசின் 2022-ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் தற்செயல் ஆட்டங்களின் பட்டியலில் வைத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், சட்டத்தை நிலைநிறுத்தியபோதும், அவை திறமை ஆட்டங்களே என்று கூறி அந்தப் பட்டியலை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமை, தற்செயல் என்ற வேறுபாடு பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் இந்தியா முழுவதும் தடை செய்தது.