ஆற்றுச் சீட்டும் சண்டுக் கடையும்

கூலாய்ப் பக்கத்திலிருந்து தெற்கே ஓடும் ஸ்கூடாய் ஆறு ஜொகூர் நீரிணையில் கலக்கிறது. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர். புகைவண்டிப் பாதை 1909-இல் ஜொகூர் வழியே முற்றுப்பெறும் வரை, உட்பகுதிக்குச் செல்ல ஆறுகளே வழி. ஆகவே ஆற்றை ஆண்டவன் காட்டையும் ஆண்டான். தெமெங்கோங் டாயெங் இப்ராகிம் சீனத் தலைவர்களுக்கு வழங்கிய ‘சூராட் சுங்கை’ எனப்படும் ஆற்றுச் சீட்டுகளுள் மிகப் பழையவை 1844-ஆம் ஆண்டின. அவற்றுள் ஒன்று இந்த ஸ்கூடாய் ஆற்றுக்கு உரியது.

சீட்டுப் பெற்றவர் ‘காங்சூ’, அதாவது ஆற்றுத் தலைவர். காடழித்து மிளகும் காம்பியரும் பயிரிடுவது அவர் கடமை. (காம்பியர் இலையை வேகவைத்து எடுக்கும் கட்டி தோல் பதனிடவும் பயன்பட்டது, வெற்றிலையோடும் மெல்லப்பட்டது. நம்மவர் காசுக்கட்டி என்பதும் இவ்வினத்ததே.) கடமைக்கு ஈடாக அவருக்குக் கிடைத்த உரிமைகளே பொருள் தருவன: சாராயம், சூதாட்டம், பன்றியிறைச்சி, அடகுக் கடை, எல்லாவற்றுக்கும் மேலாகச் சண்டு.

சண்டு என்பது அபினியைக் காய்ச்சிப் புகைப்பதற்கேற்பப் பக்குவம் செய்த பண்டம். வங்காளத்தில் இந்திய அரசின் மேற்பார்வையிலேயே விளைந்து பெட்டி பெட்டியாகச் சிங்கப்பூர் வந்த பச்சை அபினிக்கு அத்துறைமுகத்தில் வரியில்லை. ஆனால் அதைக் காய்ச்சி உள்ளூரில் சில்லறையாக விற்கும் உரிமை ஒரே குத்தகைக்காரருக்கு மட்டும் உரியது. இம்முறை சிங்கப்பூரில் 1820-இலேயே தொடங்கிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுதும் அத்தீவின் அரசாங்க வருவாயில் ஏறத்தாழப் பாதியை இதுவே தந்தது. சுங்கமில்லாத் துறைமுகம் என்ற பெருமையின் செலவைக் கூலியாளின் குழாய் சுமந்தது என்று சொன்னால் மிகையாகாது.

மலாய்மொழியில் குத்தகைக்குப் ‘பாஜாக்’ என்று பெயர். மலேசிய நகரங்களில் இன்றும் அடகுக் கடைப் பலகைகளில் ‘பாஜாக் காடாய்’ என்று எழுதியிருப்பதைக் காணலாம். குத்தகை போய்விட்டது, சொல் நிலைத்துவிட்டது.

இனி, வாங்குபவன் நிலையைப் பார்க்கவேண்டும். ஸ்கூடாய்க் கரையிலிருந்த காம்பியர்க் கூலிக்குச் சண்டு வாங்குவது குற்றமன்று. ஆனால் அதை எங்கே வாங்கினான் என்பதில்தான் குற்றம் இருந்தது. காங்சூவின் கடையில் வாங்கினால் ஒழுங்கு. அதே சண்டைச் சிங்கப்பூரின் உரிமம் பெற்ற கடையில் காசு கொடுத்து வாங்கி, மடியில் முடிந்துகொண்டு படகேறினால் அது கள்ளச்சரக்கு. ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுபோனாலும் அப்படியே. ஒரு ‘ஊன்’ எடை ஒரு கிராமில் பாதியும் இல்லை. அந்தச் சிறுபொட்டலம் இரண்டு கரையிலும் நேர்மையான சரக்கு. நடுநீரில் மட்டும் திருட்டுச் சரக்கு! குத்தகைக்காரர்கள் தமக்கென ‘சிந்தெங்’ என்ற சேவகர்களை வைத்துப் படகுகளையும் குடிசைகளையும் சோதித்தார்கள். அவர்கள் தேடியது நஞ்சையன்று, வாடகை கட்டாத நஞ்சை.

இந்தக் கள்ளக்கடத்தலை நிறுத்தப் போலீசாரைவிடக் கணக்கர்களே சிறந்த வழி கண்டனர். சிங்கப்பூரில் போட்டியிட்டு வந்த சியாங் ஹோங் லிம், தான் செங் போ ஆகியோரும், ஜொகூரின் தான் ஹியோக் நீயும் 1870-இல் ஒன்று கூடிச் சிங்கப்பூர், ஜொகூர், ரியாவ் ஆகிய மூன்றிடத்துக் குத்தகைகளையும் ஒரு கையில் சேர்த்தனர். அக்கரைச் சரக்கும் தமது சரக்கேயானால் கடத்தலால் இழப்பு ஏது? தான் ஹியோக் நீயின் பெயரால் ஜொகூர் பாருவில் இன்றும் ஒரு தெரு இருக்கிறது.

இது சீனர் கதை மட்டுமே என்று தமிழர் ஒதுங்கிவிட முடியாது. சிங்கப்பூரின் பழைய குத்தகைப் பட்டியலில் ‘கள்ளும் பாங்கும்’ என்று ஒரே தலைப்பில் ஓர் இனம் வருகிறது. பாங்கு கஞ்சா இலையிலிருந்து செய்வது. இவ்விரண்டையும் வாங்கியோர் பெரும்பாலும் இந்தியர். அக்காலத்தில் இந்தியாவிலும் கஞ்சா உரிமக் கடைகளில் விற்றது. 1893-94-இல் அமர்ந்த இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு, தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்றே முடிவு கூறிற்று. உலக உடன்பாட்டில் கஞ்சா இடம்பெற்றது 1925-இல், ஜெனிவாவில்.

சிங்கப்பூரில் 1910-இல் குத்தகை ஒழிந்து, அரசே சண்டு செய்து விற்றது. ஜொகூரில் காங்சூ முறை 1917-இல் நீக்கப்பட்டது. 1923-இல் நீரிணையின் குறுக்கே பாலம் திறந்தபின் படகுக்கும் வேலையில்லை. 1930-களில், பெயர் பதிந்துகொண்டவருக்கே சண்டு கிடைத்தது. 1943 நவம்பரில், மலாயா ஜப்பானியர் கையில் இருந்தபோதே, மீண்டபின் அபினி புகைப்பதற்கு இடமில்லை என்று இலண்டனில் அறிவிக்கப்பட்டது. மலாயாவின் அபாயகர மருந்துச் சட்டம் 1952-இல் வந்தது. வாடகை நோக்கு ஒழிந்து, உடல்நல நோக்கு வந்தது. அது நல்ல மாற்றமே. ஆயினும் எல்லையைத் தாண்டினால் பொருளின் பெயர் மாறும் என்ற பழைய விதி மட்டும் மாறவில்லை.

இப்போது அந்த எல்லை வடக்கே இருக்கிறது. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது, கடைகள் பெருகின, 2025 ஜூனில் மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று மீண்டும் இறுக்கியது. அங்கே உரிமம் பெற்ற கடையில் ரசீதோடு வாங்கிய பொட்டலம் பாடாங் பெசாரைத் தாண்டி வந்தால் அந்த ரசீது எதற்கும் உதவாது. மலேசியாவில் 200 கிராமும் அதற்கு மேலும் வைத்திருந்தால் கடத்தல் என்றே சட்டம் ஊகிக்கும். கட்டாயத் தூக்கு 2023-இல் நீங்கியபோதிலும் தூக்கு நீங்கவில்லை. சிங்கப்பூரின் சட்டம் இன்னும் ஒரு படி போகிறது. அந்நாட்டுக் குடிமகனோ நிரந்தரவாசியோ பொருளை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினாலும், வெளிநாட்டில் புகைத்தது சிறுநீர்ச் சோதனையில் தெரிந்தால், சிங்கப்பூரிலேயே புகைத்ததாகக் கொண்டு அவர்மீது வழக்குத் தொடரலாம்.